பம்ப் ரைஃபிளை வீட்டில் விட்டுவிட்டு வந்தவன்

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பின்னால் வரப்போகிற துப்பாக்கி விவகாரத்தைப் படித்துவிட்டு என்னை ஏதோ பெரிய வீரன் என்று நினைத்துவிடுவீர்கள். விமானம் தரையைத் தொடும்போது பயம். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி என் பாஸ்போர்ட்டை இன்னொரு தடவை புரட்டினால் பயம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வரும் வழியில், டிரைவர் ஒரு கையில் போனை வைத்துப் பேசிக்கொண்டே மறு கையால் ஒரு பேருந்தை முந்தினார். எனக்குத் தெரிந்த புனிதர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுவிட்டேன்.

“இன்னா சார், இப்படி வேர்க்குது? ஏசிய கூட்டட்டுமா?” என்று அவர் கேட்டார்.

கூட்டச் சொன்னேன். வேறென்ன சொல்வது?

நான் பிறந்தது புதுச்சேரிக் கதிர்காமத்தில். லூர்துவைக் கல்யாணம் செய்துகொண்டு பிரான்சுக்குப் போனவன். அவளுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அந்த வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. நடு பிரான்சில், காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். எனக்கு டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. லூர்துவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. ஒரே மகள் எமிலி, கல்லூரியில் படிக்கிறாள்.

இந்தத் தடவை வந்தது அக்கா மகள் ரோஸ்லினின் நிச்சயதார்த்தத்துக்கு. அக்கா பிலோமினாவின் வீட்டுக்காரர் இறந்து பல வருஷமாகிவிட்டது. ரோஸ்லினுக்குத் தாய்மாமனும் நான்தான், அப்பா இடத்தில் நிற்க வேண்டியவனும் நான்தான். வராமல் இருக்க முடியாது.

புறப்பட்ட அன்று அங்கே கடும் உறைபனி. வேட்டைக்குப் போடும் பச்சை ஜாக்கெட்டையே மாட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்த அக்கா உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“டேய் சவேரி, இன்னாடா இது? நனைஞ்ச நாய் மாதிரி நாறுது. கழட்டுடா மொதல்ல!”

கழற்றிக் கொடுத்தேன். தை மாதத்து இதமான வெயில் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அடுப்பங்கரையில் நிற்பது போலத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பி, மருத்துவக் கல்லூரி எதிரே வகையாக மாட்டிக்கொண்டேன். சாலையைக் கடக்க முடியவில்லை. ஒரு காலை எடுத்து வைப்பேன், ஒரு டெம்போ வரும், காலை எடுத்துக்கொள்வேன். எங்கள் பிரெஞ்சு ஊரில் ஒரு கார் போனால், யார் கார் என்று ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். இங்கே பைக்குகள் இருபுறமும் என் சட்டையை உரசிக்கொண்டு போயின. எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் வைத்திருந்த ஒரு அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

“வாங்க. நான் கூட்டினு போறேன். கண்ண மூடிக்கினு கூட வாங்க, ஒண்ணும் ஆவாது.”

நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், “இன்னா உடம்புக்கு?” என்று பரிவாகக் கேட்டார். நான் நோயாளி இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பிரஷர் என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் கடற்கரைச் சாலைக்குப் போனேன். காலை வெயிலில் உட்கார்ந்திருந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதி வழி தெரியாமல் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அதோ நிற்கிறாரே, அவரைக் கேளேன். உள்ளூர்க்காரர் மாதிரி இருக்கிறார்” என்றாள் மனைவி. “வேண்டாம். அவரே தொலைந்துபோனவர் மாதிரி முழிக்கிறார்” என்றார் கணவர். பிரெஞ்சு தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவில் நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்கே சரியாகத் தெரியாது. அவர்களுக்கு மட்டும் எப்படிச் சொல்வது?

மத்தியானம் அக்கா வஞ்சிரம் வறுத்து, மிச்சமிருந்த கறி விந்தாலுவையும் சுடவைத்தாள். காரம் உச்சந்தலையில் ஏறியது. கண்ணீரோடு சாப்பிட்டேன். சுகமாக இருந்தது.

மூன்றாம் நாள், புதன்கிழமை, சம்பந்தி அந்தோணிசாமி சாப்பிட வந்தார். மாப்பிள்ளையின் அப்பா. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், வெள்ளை மீசை, வாய் நிறையச் சிரிப்பு. போலீஸ்காரரைப் பார்த்தால், ஒரு தப்பும் செய்யாமலே எனக்குக் கை ஜில்லிட்டுவிடும். ஓய்வு பெற்றவர் என்று அக்கா சொன்னது பெரிய ஆறுதலாக இல்லை.

இலையில் கை வைத்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார்.

“ரோஸ்லின் உங்க போட்டோ காட்டுச்சு சம்பந்தி. ஆரஞ்சு கலர் தொப்பி, கையில துப்பாக்கி. மானெல்லாம் சுடுவீங்களாமே?”

“மானையாடா சுடுற?” என்று அக்கா சோற்றுக் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

“இங்க சுட்டா நேரா உள்ள தள்ளிடுவான்” என்று சிரித்தார் சம்பந்தி. “அங்க எப்படி?”

அங்கே சட்டப்படி நடக்கிற காரியம் என்று விளக்கினேன். ஆட்டுக்குட்டியை விடக் கொஞ்சம் பெரிய மான். ஏகப்பட்டது இருக்கிறது. இளம் மரங்களையெல்லாம் மொட்டையடித்துவிடும். ஒவ்வொரு காட்டுக்கும் எத்தனை சுடலாம் என்று அரசாங்கமே சொல்லும். ஒரு கூட்டம் நாய்களோடு காட்டுக்குள் புகுந்து விரட்டும். நாங்கள் காட்டுப்பாதையில் அங்கங்கே நிற்போம். மான் ஒரு புதரிலிருந்து வந்து பாதையைத் தாண்டி அடுத்த புதருக்குள் போய்விடும். கண்ணிமைக்கும் நேரம்தான். அவ்வளவு பயந்த சுபாவமுள்ள நான் எப்படி இதில் போய்ச் சேர்ந்தேன் என்று அக்கா கேட்டாள். பட்டறை முதலாளி ஒருநாள் கூட்டிப்போனார். அவருடைய பழைய துப்பாக்கியைக் கையில் வாங்கினேன். அன்றோடு அடிமையாகிவிட்டேன்.

“இன்னா துப்பாக்கி? நாங்க அந்தக் காலத்துல திரீ நாட் திரீ வச்சிருந்தோம். போல்ட்டு இழுத்து இழுத்து தோள்பட்டையே போயிடும்.”

“இது பம்ப் ரைஃபிள் சம்பந்தி” என்றேன். சொல்லும்போதே குரலில் ஒரு உற்சாகம் ஏறிவிட்டது. அது எனக்கே தெரிந்தது. வேறெந்தப் பேச்சிலும் எனக்கு வராத உற்சாகம் அது.

சாப்பாடு முடிந்ததும் விட்டாரா? செய்து காட்டியே ஆக வேண்டும் என்றார். கதவு மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றேன்.

நான் இடக்கைக்காரன். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே விரல் கணுவில் ஸ்கேலால் வாங்கியவன். உலகத்தில் எல்லாமே வலக்கைக்காரர்களுக்காகச் செய்தவை. கத்தரிக்கோல், டின் திறப்பான், துப்பாக்கி, எல்லாம். சம்பந்தி சொன்ன அந்த போல்ட் துப்பாக்கியில் இழுக்கும் பிடி வலப்பக்கம் இருக்கும். நான் விசையிலிருந்து கையை எடுத்து, முகத்தை விலக்கி, எட்டி இழுத்துத் தள்ளுவதற்குள் மான் அடுத்த ஜில்லாவுக்குப் போய்விடும். பம்ப் ரைஃபிளில் அந்தத் தொல்லை இல்லை. குழலுக்கு அடியில் ஒரு மரப்பிடி, முன்பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்கிப் பிடித்திருக்கும் கை அதிலேயே இருக்கும். சுட்டதும் அந்தக் கை அதைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளும். காலிக் கூடு வெளியே பறக்கும், புதுத் தோட்டா குழலுக்குள் ஏறும். விசையில் இருக்கும் விரலை எடுக்க வேண்டாம், கன்னத்தைக் கட்டையிலிருந்து விலக்க வேண்டாம், கண் மானை விட்டு அகல வேண்டாம். இடக்கையோ வலக்கையோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். எனக்கு மட்டும் காலிக் கூடு மூக்கு நுனிக்கு முன்னால் பறந்து போகும். அது ஒரு சின்ன வரி, கட்டிவிடலாம்.

“ச்சக், ச்சக்! அவ்ளோதான் சம்பந்தி. கொஞ்ச நாள் பழகிட்டா கை தானா செய்யும். செஞ்சது நமக்கே தெரியாது.”

ஊரில் சில வயதான வேட்டைக்காரர்கள் அதைக் குழாய் ரிப்பேர்க்காரன் சாமான் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். பனி விழுந்த பாதையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது மட்டும்தான் எனக்கு எதைக் கண்டும் பயம் இருப்பதில்லை. இதையும் சம்பந்தியிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

“சரி, எறக்குறது எப்படி? வேட்டை முடிஞ்சதும்?”

“அதுதான் முக்கியம்” என்று குடையைத் தாழ்த்தினேன். “மொதல்ல தோட்டா அடுக்கியிருக்கிற மேகசினைக் கழட்டி வலது பாக்கெட்டுல போடுவேன். ஆனா குழல்ல ஒண்ணு மிச்சம் இருக்கும். முன்பிடி அப்போ பூட்டிக்கினு இருக்கும், வராது. விசைக்கு முன்னால ஒரு சின்னப் பொத்தான். அத அழுத்தினா விடும். மெதுவா இழுத்தா அந்த ஒண்ணு துள்ளி வெளிய வரும். உள்ளங்கையில பிடிச்சு இந்தா, நெஞ்சுப் பாக்கெட்டுல. அப்புறம் குழலை மண்ணுக்குக் காட்டி விசையை ஒரு தடவை அழுத்துவேன். டிக்குனு காலிச் சத்தம். அதுக்கப்புறம் முன்பிடி லேசா ஓடும். அப்பதான் உறையில போடுவேன்.”

என் கை நெஞ்சுப் பாக்கெட்டுக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

போன சனிக்கிழமை, கடைசி விரட்டு. ஒரு மான் வந்தது. சுட்டேன், தவறிவிட்டது. சுட்டதும் கை தானாக இழுத்துத் தள்ளியிருக்கும், அடுத்த தோட்டா உள்ளே போயிருக்கும். வேட்டை முடிந்ததற்குக் கொம்பு ஊதினார்கள். மேகசினைக் கழற்றினேன். போன் அடித்தது. அக்கா. “டேய், ரோஸ்லினுக்கு அந்த சென்ட்ட மறந்துடாதடா, பெரிய பாட்டிலா வாங்கு” என்றாள். சரி சரி என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். வண்டிக்கு வந்தேன். உறையில் போட்டேன்.

நடுவில் முன்பிடியை இழுத்தேனா? தோட்டா உள்ளங்கையில் விழுந்ததா? டிக் என்று சத்தம் கேட்டதா?

எவ்வளவு யோசித்தும் அந்த இடத்தில் அக்காவின் குரல் மட்டும்தான் இருந்தது.

“இன்னா சம்பந்தி, மூஞ்சே வெளுத்துடுச்சு?”

சொன்னேன். தோட்டா ஜாக்கெட்டில் இல்லையென்றால் துப்பாக்கியில் இருக்கிறது. துப்பாக்கி வீட்டு அலமாரியில் இருக்கிறது. எமிலிக்கு வருகிற சனிக்கிழமை வேட்டை அனுமதிக்கான செய்முறைத் தேர்வு. புதன்கிழமை காலை அவளுக்கு வகுப்பு கிடையாது. அம்மாவிடம் சாவி வாங்கி, என் துப்பாக்கியை எடுத்து, தோளில் வைப்பதும் முன்பிடியை இழுப்பதுமாகப் பழகுவாள். என் துப்பாக்கி எப்போதும் காலி என்று அவளுக்குத் தெரியும். நான்தான் அப்படிச் சொல்லி வளர்த்திருக்கிறேன். முன்பிடி இறுகியிருந்தால் விசையை ஒரு தட்டு தட்டி விடுவிப்பதையும் நான் செய்து அவள் பார்த்திருக்கிறாள்.

இங்கே மத்தியானம் என்றால் அங்கே காலை. இன்று புதன்கிழமை.

எமிலியின் போனுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. பழகும்போது அவள் போனைப் பையில் போட்டுவிடுவாள், அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். லூர்துவின் போன் அணைந்திருந்தது. இரவு வேலை முடிந்து வந்தால் அணைத்துவிட்டுத்தான் தூங்குவாள்.

“அக்கா, என் ஜாக்கெட் எங்க?”

“லாண்டரிக்குப் போட்டேண்டா. அந்த நாத்தத்த வீட்ல துவைக்க முடியுமா? அவங்க தட்டாஞ்சாவடில பெரிய மிஷின்ல போட்டுத் துவைப்பாங்க. இன்னா ஆச்சு இப்ப?”

பெரிய மிஷின். சூடாகச் சுற்றும் உலர்த்தி. அதற்கப்புறம் நீராவி இஸ்திரிப் பெட்டி. ஒரு உயிருள்ள தோட்டாவை அதற்குள் போட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போதே சம்பந்தி செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார்.

“ஏறுங்க.”

அந்தப் பயணத்தைப் போல ஒன்றை நான் இதுவரை செய்ததில்லை. சம்பந்தி ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில் போனார், நடைபாதையில் ஏறி இறங்கினார். நான் ஒரு கையால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எமிலிக்கு அடித்துக்கொண்டே வந்தேன். முதல் நாள் அந்த டிரைவரைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேனோ, அதையெல்லாம் இப்போது நானே செய்துகொண்டிருந்தேன். ஒரு மந்திரியோ யாரோ போகிறார் என்று சிக்னலில் எல்லோரையும் நிறுத்தினார்கள். சம்பந்தி இறங்கி அங்கே நின்ற காவலரிடம் ஏதோ கெஞ்சினார். “ரிடையர்டு ஆயிட்டீங்க இல்ல? லைன்ல நில்லுங்க சார்” என்றார் அவர். நின்றோம். சங்கு ஊதிக்கொண்டு கார்கள் போய்க்கொண்டே இருந்தன.

அங்கே நிற்கும்போது ஒன்றைக் கவனித்தேன். தோட்டா ஜாக்கெட்டில் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். இந்தியாவுக்குள் தோட்டா கொண்டுவந்தால் ஜெயில். நிச்சயதார்த்தம் நின்றுவிடும். போலீஸ்காரர் வீட்டுச் சம்பந்தம் வேறு. சலவைக்கூடத்தில் வெடித்தால் யாருக்காவது கண் போகும், உயிரே போகலாம். அத்தனையும் தெரிந்தே, மாதாவே, அது ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும் என்று வேண்டினேன். அந்த மிஷின் பக்கத்தில் நிற்கிற முகம் தெரியாத ஆளை விட என் மகள் எனக்குப் பெரிதாக இருந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டுதலை நிறுத்தவில்லை.

ஜாக்கெட் விமான நிலையத்து ஸ்கேனரில் போய் வந்தது என்பதும் ஞாபகம் வந்தது. அதில் தோட்டா இருந்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பார்கள். பிடிக்கவில்லை. அதற்கு மேல் யோசிக்க நான் விரும்பவில்லை.

தொழிற்பேட்டைக்குள் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஆளுயர இரும்பு உருளைகள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. பொறுப்பாக இருந்த அம்மா காதில் கையை வைத்துக்கொண்டு, “இன்னா? சத்தமா சொல்லுங்க!” என்று கத்தினார். பச்சை ஜாக்கெட் என்று கத்தினேன்.

“அதுவா? நாத்தம் புடிச்சது? தோ, காயுது. பாக்கெட்டெல்லாம் பாத்துட்டுத்தான் போடுவோம், பயப்படாதீங்க. உங்க சாமான் அந்த டப்பால இருக்குது.”

ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார். கசங்கிய விமானச் சீட்டுத் துண்டு, ஒரு பட்டன், நாய்க்குப் போடும் ரொட்டித் துண்டு. அடியில் பித்தளை மின்னியது.

“கெடச்சிடுச்சு!” என்று நானும் சம்பந்தியும் ஒரே நேரத்தில் கத்தினோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை எடுத்தேன்.

கனமே இல்லை. திருப்பிப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. காலிக் கூடு.

சனிக்கிழமை தவறவிட்ட அந்த மானுக்குச் சுட்டது. சுட்ட கூட்டைக் காட்டில் போடக்கூடாது என்று குனிந்து பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது. ஸ்கேனரில் இதை எப்படி விட்டார்களோ தெரியாது. அதை யோசிக்க எனக்கு மனம் இல்லை. இது இங்கே இருக்கிறதென்றால், அதற்கு அடுத்தது குழலுக்குள் ஏறிவிட்டது. ஏறியது இந்த டப்பாவில் இல்லை.

“தரைல உக்காருங்க சம்பந்தி” என்று அந்தோணிசாமி என் தோளைப் பிடித்தார். “வேற யாரு இருக்காங்க அங்க? பக்கத்து வீடு? வேற போனு?”

வேற போன். ஹாலில் கம்பியில்லாத பழைய லேண்ட்லைன் ஒன்று இருக்கிறது. ஏதாவது விற்பவர்களைத் தவிர அதில் யாரும் கூப்பிடுவதில்லை. நாங்களும் எடுப்பதில்லை. அதன் எண்ணை ஞாபகத்திலிருந்து தோண்டி எடுத்தேன். முதல் தடவை தப்பு. யாரோ ஒரு கிழவர் எரிந்து விழுந்தார். இரண்டாவது தடவை மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்கள்.

“எங்களுக்கு எதுவும் வேண்டாம். இந்த எண்ணுக்கு இனிமேல் கூப்பிடாதீர்கள்” என்று பிரெஞ்சில் சொல்லி எமிலி வைத்துவிட்டாள்.

உயிரோடு இருக்கிறாள். மறுபடி அடித்தேன். உருளைகளின் இரைச்சலில் எதுவும் கேட்காது என்று பட்டது. “அம்மா, மிஷின நிறுத்துங்க, தயவு செஞ்சு!” என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். காரணம் கேட்காமல் சுவிட்சை இறக்கினார். கொட்டகை முழுவதும் அமைதியானது.

“எமிலி! வைக்காத! அப்பா!”

“அப்பா? எதுக்கு இந்த போன்ல?” என்றாள். “ரெண்டு தடவை ஓடி வந்தேன். நான் பழகிட்டு இருக்கேன். உங்க கரபீன் சிக்கிக்கிச்சு, முன்பிடி வரவே மாட்டேங்குது. நீங்க பண்ணுவீங்களே, அது மாதிரி விசையைத் தட்டி விடலாம்னு போனேன், போன் அடிச்சுது. வச்சிட்டு வந்து மறுபடியும் கைல எடுத்தேன், மறுபடியும் அடிச்சுது.”

ரைஃபிளை எங்கள் வீட்டில் பிரெஞ்சுக்காரர்கள் போலக் கரபீன் என்றுதான் சொல்வோம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். குரல் நடுங்கக்கூடாது. என் குரல் நடுங்கினால் அவள் கை நடுங்கும்.

“கரபீன் இப்போ எங்கம்மா?”

“கைல.”

“விரல்?”

“வெளியிலதான்பா. எனக்குத் தெரியாதா? நீங்க சொன்ன மாதிரி தரையைப் பாத்துதான் புடிச்சிருக்கேன்.”

“எங்க நிக்கிற?”

“மேல. உங்க ரூம்ல. பேசிக்கிட்டே போனையும் மேல எடுத்துட்டு வந்துட்டேன்.”

எங்கள் வீடு பழைய வீடு. மாடித் தரை வெறும் பலகை. என் அறைக்கு நேர் கீழே இருக்கும் அறையில்தான் லூர்து பகலில் தூங்குவாள். இரண்டு தடவையும் அவள் விசையைத் தட்டப் போனது அந்தப் பலகையைப் பார்த்து.

“எமிலி, நான் சொல்றத மட்டும் செய். பேசாத. குழலை மெதுவா வெளிச்சுவர் பக்கம் திருப்பு. ஜன்னலுக்குக் கீழ, கல்லுச்சுவர். திருப்பிட்டியா?”

“ம்.”

“போனைக் கட்டில்ல வச்சு ஸ்பீக்கர்ல போடு. விசைப்பக்கம் விரலே போகக்கூடாது. முன்னால இருக்கிற சின்னப் பொத்தான அழுத்து. அழுத்திக்கிட்டே முன்பிடியை இழு. மெதுவா. கடைசி வரைக்கும்.”

போனை நானும் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எப்போது போட்டேன் என்று தெரியவில்லை. சம்பந்தி என் பக்கத்தில் தரையில் மண்டியிட்டிருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் மடிப்பை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

ச்சக் என்றது. எனக்கு இத்தனை வருஷமாகப் பிடித்த சத்தம். அப்புறம் கனமான எதுவோ ஒன்று பலகையில் விழுந்து கடகடவென்று உருண்டு ஓடியது.

எமிலி அதன் பின்னால் போகும் காலடிச் சத்தம் கேட்டது.

“அப்பா” என்றாள். அவ்வளவுதான். அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் அழுதேன். கொட்டகையில் யாரோ ஒரு பெண் “இன்னாக்கா ஆச்சு?” என்று மெதுவாகக் கேட்டாள். பொறுப்பான அம்மா, “தெரியலடி. புள்ளைக்கு ஒண்ணும் ஆவல போல” என்றார்.

கரபீனை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். சாவியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொன்னேன். தேர்வுக்குப் போக மாட்டேன் என்றாள்.

காலிக் கூட்டைச் சம்பந்தி என்னிடம் தரவில்லை. “இது காலியா இருந்தாலும் ஏர்போர்ட்ல ஆயிரம் கேள்வி கேப்பான்” என்றார். வெளியே கிடந்த கல்லை எடுத்து அதைத் தட்டையாக நசுக்கி, பக்கத்துப் பட்டறையின் பழைய இரும்புக் குவியலில் வீசினார். திரும்பி வரும்போது ஒருவழிப்பாதையில் ஒழுங்காகப் போனார். பம்ப் ரைஃபிளைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிச்சயதார்த்தம் வெள்ளிக்கிழமை நல்லபடியாக நடந்தது. தட்டை மாற்றிக்கொள்ளும்போது என் கை நடுங்கியது. தாய்மாமனுக்குச் சந்தோஷத்தில் கை நடுங்குகிறது என்று எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி மட்டும் சிரிக்காமல் தட்டின் அடியில் கை கொடுத்தார். துவைத்த ஜாக்கெட் பூ வாசனையோடு வந்தது. அதை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடும்படி அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் எனக்கு இந்தப் பயணம் முடிந்தது அந்தப் புதன்கிழமை சாயங்காலத்திலேயே. அக்கா கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. லூர்து கூப்பிட்டாள். தூங்கி எழுந்த குரல்.

“இன்னிக்கு அப்படி ஒரு தூக்கம். எமிலி கதவை சாத்திக்கிட்டு இருக்கா, கேட்டா ஒண்ணும் இல்லங்கிறா. நடுவுல ஹால் போன் அடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் என் தலைக்கு மேல என்னமோ உருண்டு போச்சு. எழுந்து பாக்கலாமான்னு பாத்தேன், சோம்பலா இருந்துச்சு, திரும்பிப் படுத்துட்டேன்.”

நான் காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

“என்னங்க, லைன்ல இருக்கீங்களா? என்னது உருண்டுச்சு? உங்களுக்குத் தெரியுமா?”

எமிலி சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை. அன்று முழுக்கப் பட்ட பயத்தையெல்லாம் விட அதைச் சொல்வதற்குத்தான் எனக்கு அதிகமாகப் பயமாக இருந்தது.

“தோட்டா, லூர்து” என்றேன்.